பின்பக்கத்துக் கிட்டார்

அந்த ஆல்பத்தில் மொத்தம் பதினொரு பாட்டுகள். ஒன்றில் தையல் இயந்திரம் ஓடும். இன்னொன்றை ஆல்பி குளியல் தொட்டிக்குள் படுத்தபடி பாடியிருந்தான். மூன்றாவது பாட்டில் டிரம்ஸே கிடையாது. ராவிரி ஈரத் துண்டைச் சுவரில் அடித்துத் தாளம் போட்டிருந்தான். சில பாட்டுகள் ஆளை இழுத்துக்கொண்டு போகும். சில ஏன் இருக்கின்றன என்று அவர்களுக்கே தெரியாது.

நியூசிலாந்தின் டனீடின் நகரில், வெயில் எட்டிப் பார்த்துவிட்டு உடனே திரும்பிப் போய்விடுகிற பள்ளத்தாக்குத் தெருவில், பூஞ்சை பிடித்த ஒரு வாடகை வீட்டில் ஆல்பி, ராவிரி, மெரன் மூவரும் இருந்தார்கள். இசைக்குழுவின் பெயர் 'ஈரக் கம்பளி.' அந்த வீட்டில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. ஜன்னலில் மெத்தையைச் சாத்திய முன்னறைதான் ஸ்டுடியோ. அங்கே இருந்த ஒரே கருவி, கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதிவுசெய்யும் ஒரு பழைய பெட்டி.

மெரன் பேஸ் கிட்டார் வாசித்தாள். பதினொன்றில் ஆறாவது பாட்டு மட்டும் அவளுடையது. அவளே எழுதி, அவளே பாடியது. ஆல்பியின் பத்துப் பாட்டுகளுக்கு நடுவில் அது விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தது.

கிறைஸ்ட்சர்ச்சில் சின்னதாக ஒரு இசைத்தட்டு நிறுவனம் நடத்திய ஷோனா, அவர்கள் அனுப்பிய கேசட்டைக் கேட்டுவிட்டு ஒருநாள் மதியம் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஆல்பம் நான் போடறேன். ஆனா அந்த ஆறாவது பாட்டை முதல்ல வைக்கணும். அதுல ஒரு கிட்டார் வருதே, யாரோ மூச்சை உள்ள இழுக்கற மாதிரி... யாரு வாசிச்சது?"

மெரன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு ஆல்பியிடம் அதையே கேட்டாள்.

"நான்தான்னு சொல்லு" என்றான் ஆல்பி.

பேசி முடித்ததும் மெரன் கேட்டாள்: "நிஜமா நீயா வாசிச்ச?"

"வேற யாரு? இந்த வீட்டுல கிட்டார் வாசிக்கறவன் நான் ஒருத்தன்தானே."

"எப்ப வாசிச்ச?"

"அதுதான் ஞாபகம் வரல."

"எனக்கும் வரல. என் குரலையும் பேஸையும் மட்டும்தான் நான் பதிவு பண்ணேன். கடைசியில நாலு தடத்தையும் சேர்த்துத் திறந்தப்போ கிட்டார் கேட்டுச்சு. நீ எனக்குத் தெரியாம வாசிச்சு வெச்சிருக்கன்னு நெனச்சேன்."

"உனக்குத் தெரியாம நான் உனக்கு நல்லது பண்ணுவேனா?" என்றான் ஆல்பி. அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அந்த வாரம் முழுக்க அவன் முன்னறையில் உட்கார்ந்து அந்தக் கிட்டாரைத் திரும்ப வாசிக்கப் பார்த்தான். வரவில்லை. தந்தியைத் தட்டினால் சத்தம் பெரிதாக ஆரம்பித்துத் தேய்ந்துதான் போகும். அந்தப் பாட்டிலோ சத்தம் ஒன்றுமில்லாததிலிருந்து வீங்கி வந்து, உச்சத்தில் வெட்டுப்பட்டு நின்றது.

"பேய்தான்" என்றான் ராவிரி, டோஸ்ட்டில் மார்மைட் தடவிக்கொண்டே. "நம்மள்ல ஒழுங்கா வாசிக்கத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். குழுவுல சேத்துக்கலாம்."

"சும்மா இருடா."

"பேய் நேரத்துக்கு வரும். ஆல்பி மாதிரி இல்ல."

மெரனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஷோனா அவள் குரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வரிகளைப் பற்றியும் பேசவில்லை. கேட்டதெல்லாம் கிட்டாரைத்தான். அந்தத் தடத்தை மட்டும் அணைத்துவிட்டுத் தன் பாட்டைக் கேட்டுப் பார்த்தாள். காற்றில்லாத நாளில் கொடியில் தொங்கும் துணி மாதிரி இருந்தது. மறுநாள் காலை கேட்டால் அதுவே நன்றாக இருந்தது. மாலையில் மறுபடி துணி. தான் ஒரு பாட்டு எழுதியிருக்கிறோமா, அல்லது யாரோ வாசித்த கிட்டாருக்கு அடியில் ஏதோ முணுமுணுத்திருக்கிறோமா? ஆல்பம் வெளிவருவதற்குள் இதற்கு ஒரு பதில் தெரிந்தாக வேண்டும்.

சனிக்கிழமை காலை சீஸ் ரோல்களைச் சூடாக்க வைத்துவிட்டு, அந்த மூலக் கேசட்டைச் சமையலறையின் சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டாள். கவனமில்லாமல் பின்பக்கமாகப் போட்டுவிட்டாள்.

யாரோ கிட்டாருக்குச் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்டது. ஒரு தந்தி தொய்ந்து, முறுக்கேறி, மறுபடி தொய்ந்தது. பிறகு ஒரு குரல்: "இந்தத் தந்தி என்னைக் கொல்லுது." இன்னொரு குரல், ஆல்பியுடையது: "முர்டோ, ஒரே ஒரு தடவையாவது நேரா வாசிப்பா!"

சீஸ் ரோல்கள் கருகிப் புகை வந்தது. மெரன் டேப்பைத் திருப்பி ஓட்டி மறுபடி கேட்டாள்.

முர்டோ அவர்களுடைய பழைய கிட்டார்க்காரன். போன வருஷம் ஆல்பி அவனை விலக்கினான். பஸ் படியில் நின்றுகொண்டு, "இனிமே நீ வர வேண்டாம்" என்று சொன்னான், கதவு மூடிக்கொண்டது. மெரன் பஸ்ஸுக்குள் இருந்தாள். கண்ணாடிக்கு வெளியே முர்டோ கையசைத்துக்கொண்டிருந்தான், சரியாகக் காதில் விழாதவன் மாதிரி.

காசு மிச்சம் பிடிக்க, பழைய ஒத்திகைக் கேசட் ஒன்றின் மேலேயே அவள் தன் பாட்டைப் பதிவு செய்திருக்கிறாள். சாதாரண ரெக்கார்டர் கேசட்டின் இரண்டு பக்கங்களையும் எதிரெதிர்த் திசைகளில் வாசிக்கும். அந்த நான்கு தடப் பெட்டி இரண்டையும் ஒரே திசையில் வாசிக்கும். அவள் பதிவுசெய்தது முன்பக்கத்து இரண்டு தடங்களில் மட்டும்; அதனால் அழிக்காமல் விட்ட பின்பக்கம் தலைகீழாக ஓடி, அவள் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆல்பி கேட்டான். ராவிரி கேட்டான். ராவிரி தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"முர்டோகிட்ட சொல்ல வேண்டாம்" என்றான் ஆல்பி.

"ஏன்?"

"சொன்னா அவன் வேண்டாம்பான். உன் பாட்டு போயிடும். உனக்குப் பாட்டு வேணுமா வேண்டாமா?"

"வேணும்."

"அப்போ சொல்லாத. அவன் வாசிக்கவா செஞ்சான்? சுருதிதானே சேத்தான்?"

மெரன் தன் பாட்டைக் கிட்டாரோடு ஒரு தடவையும் கிட்டார் இல்லாமல் ஒரு தடவையும் வேறொரு கேசட்டில் எடுத்துக்கொண்டாள். அதையும் மூலக் கேசட்டையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்துத் துறைமுக ஊரான போர்ட் சால்மர்ஸுக்குப் பஸ் ஏறினாள்.

முர்டோ அங்கே மீனும் சிப்ஸும் பொரிக்கும் ஒரு கடையில் வேலை பார்த்தான். முழங்கை வரை மாவு. அவளைப் பார்த்ததும், "அட, மெரன்! மீனா, இறைச்சித் துண்டா?" என்றான், நேற்றுப் பார்த்தவன் மாதிரி.

"ஒண்ணும் வேண்டாம். ஒரு பாட்டு கேக்கணும் நீ."

"கை இப்படி இருக்கே. நீயே மாட்டி விடு."

தன் வாக்மேனின் ஹெட்போனை அவன் காதில் மாட்டி, முழுப் பாட்டும் இருந்த கேசட்டை ஓடவிட்டாள். அவன் மீனைத் திருப்பிப் போட்டபடியே கேட்டான். கொஞ்ச நேரத்தில் கை நின்றது.

"யாரு இது?"

"எது?"

"கிட்டார். புது ஆளா?" அவன் தலையை ஆட்டினான். "பிரமாதமா வாசிக்கறான். எனக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் வராது. என்னை எதுக்கு அனுப்பினீங்கன்னு ஒரு வருஷமா புரியலை. இப்பப் புரியுது. பரவால்ல மெரன், கோவமெல்லாம் இல்ல."

"முர்டோ, அது நீதான்."

"கிண்டல் பண்ணாத."

அவள் மூலக் கேசட்டைப் பின்பக்கமாகப் போட்டு ஓடவிட்டாள். அவன் தன் சுருதி சேர்ப்பைக் கேட்டான். தந்தியைத் திட்டியதைக் கேட்டான். ஆல்பி கத்தியதையும் கேட்டான்.

"ஆமா, இது நான்தான்" என்றான். "இது எனக்குத் தெரியுது. அது எனக்குத் தெரியலை."

"ரெண்டும் ஒண்ணுதான். தலைகீழா ஓடுது, அவ்வளவுதான்."

"அப்போ நான் நல்லா வாசிக்கறவனா, மோசமா வாசிக்கறவனா?"

"அதேதான் எனக்கும். என் பாட்டு நல்லா இருக்கா, இல்லையா? நீ இல்லாம கேட்டா ஒரு நாளைக்கு நல்லா இருக்கு, ஒரு நாளைக்கு இல்ல."

"நான் இல்லாமயும் இருக்கா? போடு."

கிட்டார் இல்லாத பதிவை அவள் போட்டாள். வரிசையில் நின்ற ஒரு கிழவர், "மீன் கருகுதுப்பா" என்றார். முர்டோ கொஞ்சம் பொறுங்கள் என்று அவருக்குக் கை காட்டிவிட்டு, கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டான்.

"ரெண்டாவது அடி முடிஞ்சதும் நீ நிறுத்தறியே, அங்க என்னமோ வரப்போற மாதிரி இருக்கு" என்றான். "வரலை. எனக்கு வராம இருக்கறதும் பிடிச்சிருக்கு. வர்றதும் பிடிச்சிருக்கு. என்னைப் போய்க் கேக்கறியே."

"உன்னை வெச்சுக்கலாமா?"

முர்டோ கருகிய மீனை எடுத்து ஓரமாகப் போட்டான். புது மீனை மாவில் முக்கினான்.

"வாசிச்சது நான்னா, வெச்சுக்கோ. டேப்புன்னா, டேப்பைத்தான் கேக்கணும்." பிறகு தணிந்த குரலில் சேர்த்துச் சொன்னான்: "ஆனா பேரு போடு. என் அம்மா கடையில போய் எடுத்துப் பார்ப்பாங்க."

கேட்காமலே ஒரு பொட்டலம் சிப்ஸை அவள் கையில் திணித்தான். தாளின் வழியாகச் சூடு உள்ளங்கையைத் தொட்டது. எதிரில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் போய் அவள் ஷோனாவைக் கூப்பிட்டாள்.

"பாட்டு முதல்ல வரட்டும்" என்றாள். "ஆனா அட்டையில ஒரு பேரு சேக்கணும். ஆல்பி இல்ல. முர்டோ. முர்டோ லீஸ்க்."

"எழுதிக்கறேன். என்ன வாசிச்சாருன்னு போட?"

கூண்டின் கண்ணாடி அவள் மூச்சில் மங்கியிருந்தது. எதிரே கடைக்குள் முர்டோ மாவுக் கையோடு நின்று, இடது கை விரல்களால் காற்றில் ஏதோ பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் ஒரு தடவை. பின்னால் ஒரு தடவை.

"கிட்டார்" என்றாள் மெரன். "கிட்டார்தான்னு நெனைக்கிறேன்."