பிடுங்காத பல்

என் அக்கா பிலிஸ் லேசில் பயப்படுகிறவள் இல்லை. புனா பக்கத்தில் தேஹு ரோடு ராணுவ டிப்போ குவார்ட்டர்ஸில் குளியலறைக்குள் வந்த பாம்பைக் கட்டையால் அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து மிச்சச் சப்பாத்தியைத் தேய்த்தவள். பல் டாக்டர் என்றால் மட்டும் அவளுக்கு ஈரக்குலை நடுங்கும்.

சின்ன வயதில் எங்கள் சொந்த ஊர் நாசரேத்தில் ஒரு டாக்டர், ஊசி போட்ட இடம் மரத்துப்போவதற்குள் குறடு வைத்துப் பல்லை இழுத்துவிட்டார். அப்பாதான் அவள் கைகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டாராம். கல்யாணமாகிக் குடித்தனம் நடத்துகிற வயதிலும் ஒருத்தி இதையே சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? புனா கேம்ப் பகுதியில் இருக்கும் நல்ல டாக்டரிடம் போகலாம் என்று இரண்டு தடவை லோக்கல் ரயிலில் ஏற்றினேன். முதல் தடவை பிம்ப்ரியில் இறங்கி எதிர் வண்டியைப் பிடித்துவிட்டாள். அடுத்த தடவை டாக்டர் வீட்டுப் படி வரை வந்தவள், வலி போய்விட்டது என்று சத்தியம் பண்ணினாள்.

வலி எங்கே போயிற்று? பக்கத்து வீட்டுப் பார்வதிபாய் அவளுக்கு மிஷ்ரி கொடுத்தாள். புகையிலையைக் கல்லில் போட்டுக் கருக வறுத்து இடித்த பொடி அது. அந்த ஊர்ப் பெண்கள் பலர் காலையில் அதை ஈறில் தேய்த்துக்கொள்வார்கள். தேய்த்த இடம் மரத்துப்போகும், தலை லேசாகக் கிறங்கும். அக்கா முதலில் வலிக்கும்போது மட்டும் தேய்த்தாள். பிறகு சாப்பிட்டதும் தேய்த்தாள். பிறகு சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கப் போகும் முன்னும் தேய்த்தாள்.

நான் பள்ளிக்கூட டீச்சர், எனக்கு வாய் சும்மா இருக்காது. ஜெபம் பண்ணுகிற வாயில் புகையிலையா என்று ஆரம்பித்து நாறடித்துவிடுவேன். அவள் சின்னத் தகர டப்பாவைத் திறந்து விரலைத் தொட்டுக்கொண்டு, என்னையே பார்த்தபடி காத்திருப்பாள். நான் திட்டி முடித்ததும் தேய்ப்பாள். வருஷக்கணக்காக எங்கள் இருவருக்கும் இதுவே வழக்கமாகிவிட்டது. அத்தான் இன்பநாதன், அவள் டாக்டருக்குப் பயந்து அழுவதற்கு இது தேவலை என்று பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொள்வார்.

எண்பத்தொன்றில், மழை பிடித்துக்கொண்ட சமயம், அக்காவுக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை. இட்லியைப் பிட்டுப் பிட்டு உள்ளே தள்ளினாள். கடைசியில் அவளே வந்து நின்றாள்.

“ஏட்டி, என்னைக் கூட்டிட்டுப் போ. பிடுங்கித் தொலைக்கட்டும்.”

இந்தத் தடவை எங்கும் இறங்கவில்லை. நாற்காலியில் ஏறி, கண்ணை மூடி, உதடு அசைய ஜெபித்துவிட்டு, முடிந்தமட்டும் வாயைத் திறந்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. டாக்டர் கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தார். விளக்கை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தார். மிஷ்ரி எத்தனை நாளாக என்று இந்தியில் கேட்டார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, இன்றைக்குப் பிடுங்க வேண்டாம் என்றார். அக்காவைக் கை கொடுத்து இறக்கிவிட்டு, என்னை மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டார். இது பல் இல்லை, கன்னத்துக்குள் இருப்பது வெகு தூரம் போய்விட்டது, உடனே கேன்சர் ஆஸ்பத்திரிக்குக் காட்டுங்கள் என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

திரும்பும் வண்டியில் அக்கா சின்னப் பிள்ளையாகிவிட்டாள். அவர் பல்லைத் தொடவே இல்லை, என்ன நல்ல மனுஷன், இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்று அந்தத் திறக்காத வாயாலேயே பேசிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரிப் பேச்சை வீட்டில் அத்தானை வைத்துக்கொண்டு எடுக்கலாம் என்று நான் சும்மா இருந்தேன். சிஞ்ச்வட் தாண்டியதும் பைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்தாள். விரலில் பொடியைத் தொட்டுக்கொண்டு, வழக்கம்போல் என்னைப் பார்த்துக் காத்திருந்தாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஏம்ட்டி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?”

நான் திரும்பவில்லை. பிறகு டப்பாவை மூடும் சத்தம் கேட்டது.

“அப்போ, பல்லு இல்லியாட்டி?”

இல்லை என்று தலையாட்டினேன். அவள் விரலில் இருந்த பொடியைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.