மெதுவா

குருமூர்த்தி சார் எனக்குத் தரவேண்டியது முந்நூற்று நாற்பது ரூபாய். தொண்ணூற்றேழில் வங்காளத்தில், டாலிகஞ்சில் அவர் வீட்டு மூன்றாம் மாடிக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் ஏற்றின கூலி இருநூற்று நாற்பது. சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மைக்கைத் தூக்கிப் பிடித்ததற்கு நூறு. அது வந்தால்தான் எனக்கு மூக்குக்கண்ணாடி. நாற்பத்திரண்டு வயதில் யூனியன் ஆபீஸில் எழுத்துப் படித்தேன். படித்து முடித்த வருஷமே கிட்டத்தில் எழுத்து மங்கிப்போச்சு.

சார் பாங்க் ஆபீசர். ஊரார் பாட்டைப் பதிவு செய்வார்கள், இவர் சத்தத்தை. கூட்ஸ் வண்டிப் பெட்டிகள் மோதி மாட்டிக்கொள்கிற இடி அப்படியே வீட்டில் கேட்கவேண்டுமாம். முதல் ஞாயிறு டேப் ரிக்கார்டரின் முள் சிவப்பில் போய் முட்டி, தகர டப்பாவில் ஆணியைப் போட்டு ஆட்டினமாதிரிதான் பதிவானது. மறு ஞாயிறு இடிக்குத் தகுந்தபடி முள்ளைத் தணித்து வைத்தார். இடி ஒழுங்காக விழுந்தது. ஆனால் அதற்கு முந்தின காக்காயும் என் இருமலும் எறும்பு நடந்த அளவுக்குச் சிறுத்துவிட்டன.

போட்டுக் காட்டுகிறேன் வா, பணத்தையும் வாங்கிக்கொள் என்றார். போனேன். அவர் ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, வால்யூம் திருகுக்கு என்னை நிறுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை, கூட்டு என்றார். காக்காய் வந்தது. இன்னும் கூட்டச் சொன்னார். என் இருமல் வந்தது. அதை நான் வெளியிலிருந்து கேட்டதில்லை. பாவமாக இருந்தது.

அப்போதுதான் சாருக்கு இடி ஞாபகம் வந்தது.

"மெதுவா, உத்தமா, மெதுவா."

யார்டில் மெதுவா என்றால் சுமையைப் பதறாமல் நகர்த்து என்று அர்த்தம். பதறாமல் நகர்த்தினேன், கூட்டிக்கொண்டிருந்த அதே பக்கம். அவர் மறுபடி மெதுவா என்றார். இன்னும் நிதானமாகக் கூட்டினேன். திருகில் போட்டிருந்த நம்பர் என் கண்ணுக்கு எங்கே தெரிந்தது.

வண்டி மோதியது.

ஸ்பீக்கர் காகிதம் கிழிந்தது. அலமாரி டம்ளர்கள் உருண்டன. கீழ்வீட்டுப் பெரியம்மா, எல்லாருக்கும் மாஷிமா, பூகம்பம் என்று சங்கை எடுத்து ஊதினார். வங்காளத்தில் பூமி ஆடினால் அப்படித்தான். எதிர்வீட்டிலும் ஊதினார்கள், பிறகு தெரு முழுக்க ஊதியது. லுங்கியோடு ஜனங்கள் வீதியில் நின்றார்கள்.

சார் காதைப் பொத்திக்கொண்டு, ஸ்பீக்கர் நாலாயிரம், உன் கூலி போக மீதியை நீதான் தரணும் என்று கத்தினார்.

"கண்ணாடி இருந்தா நம்பரைப் பார்த்திருப்பேன் சார். கண்ணாடிக்குத்தான் அந்தப் பணம்."

சாரின் மனைவி வசந்தியம்மா சமையலறையிலிருந்து வந்தார். விசிலடிப்பது குக்கரா டேப்பா என்று தெரியாமல் ஒரு வருஷமாகப் பருப்பைக் குழையவிட்டும் வேகவிடாமலும் இறக்கினவர்.

"இதையெல்லாம் கீழே இறக்க எவ்வளவு, உத்தமன்?"

அறுபது என்றேன். சார் படிதோறும் பின்னாலேயே வந்து மெதுவா, மெதுவா என்றார். அதில் குழப்பமில்லை. கடைசிப் பெட்டியைத் தெருவில் வைத்ததும் வசந்தியம்மா பழைய முந்நூற்று நாற்பதையும் சேர்த்து, நான்கு நூறு ரூபாய்த் தாளாக என் கையில் வைத்தார்.