மூணு வருஷத்து அக்ரிமென்ட்

வாடகையை ஏத்தப் போறேன் என்று ராஜாமணி அம்மா சொல்லியிருந்தால் ஜெசிந்தா முணுமுணுத்துவிட்டு அத்தோடு மறந்திருப்பாள். அவர் ஏத்தவில்லை. வினையே அங்கேதான் தொடங்கியது.

விழுப்புரத்தில் கிழக்குப் பாண்டி ரோட்டிலிருந்து பிரியும் தெருவொன்றில் நாலே வீடு கொண்ட அபார்ட்மென்ட் அது. கீழ்வீட்டில் ராஜாமணி அம்மா தனியாக இருந்தார். அதற்கு நேர் மேலே இருந்த வீடும் அவருடையதுதான். அதில் ஜெசிந்தாவும் அவள் புருஷன் சித்தார்த்தனும் பன்னிரண்டாவது படிக்கிற மகள் ஆர்த்தியும் நாலு வருஷமாகக் குடியிருந்தார்கள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ராஜாமணி அம்மா முத்திரைத்தாளோடு படியேறி வருவார். வாடகையைக் கொஞ்சம் ஏத்துவார். ஆணி அடித்த சுவரைத் தடவிப் பார்த்து முகம் சுளிப்பார். நின்றபடியே கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை, ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

ஆடி பிறந்த வாரம் வந்தவர் உட்கார்ந்தார். கையில் முத்திரைத்தாள் இல்லை. தூக்கு நிறைய அவித்த வேர்க்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, இருந்தது.

“இந்த வருஷம் ஏத்தலம்மா. பதினோரு மாசம், பதினோரு மாசம்னு எதுக்கு வருஷா வருஷம் பேஜாரு? ஒரேயடியா மூணு வருஷத்துக்குப் போட்டுக்கலாம். ரிஜிஸ்டர் பண்ணியே குடுத்துடறேன், செலவும் என்னுது.”

“யோசிச்சிச் சொல்றேம்மா” என்றாள் ஜெசிந்தா.

“இதுல யோசிக்க என்னா இருக்குது? ஜல்தியா சொல்லு” என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஜெசிந்தா திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறவள். ‘சர்க்கரையெல்லாம் ஒண்ணும் கிடையாது, சும்மாதான் பாக்கச் சொன்னாங்க’ என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறவர்களை அவள் தினம் நாலு பேராவது பார்க்கிறாள். சிரிப்பு ஒன்று சொல்லும், ரிசல்ட் வேறொன்று சொல்லும்.

சித்தார்த்தனுக்கு வளவனூரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டவன் மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டான்.

“நல்லதுதானே ஜெசி. பொண்ணுக்குப் பரீட்சை வருஷம். இங்கியே இருந்துக்கலாம்.”

“சோழியன் குடுமி சும்மா ஆடுமாங்க?”

“வயசாயிடுச்சு, மனசு மாறியிருக்கும்.”

“போன மாசம் கொடியில ஈரத்துணி சொட்டுதுன்னு கீழருந்து கத்தினாங்களே, அதுக்குள்ள மாறிடுச்சா?”

தினமும் விடிகாலையில் ரயிலைப் பிடித்துத் திண்டிவனம் போய்த் திரும்புவது அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. ஆவணியோடு அக்ரிமென்ட் முடிகிறது, அங்கேயே வீடு பார்த்துக் குடிபோய்விடலாம், ஆர்த்தி வேண்டுமானால் பரீட்சை வரைக்கும் ரயிலில் வந்து போகட்டும் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்து வீட்டுக்காரம்மா போகாதே என்கிறார். ஏன்?

அடுத்த வாரம் அவளுக்குத் தலைவலி. மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வந்தவள் படியேறும்போதே தன் வீட்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள். உள்ளே ராஜாமணி அம்மா நின்றிருந்தார். பக்கத்தில் சட்டைப் பையில் மூன்று பேனா செருகிய ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். கட்டில், ஃபிரிட்ஜ், ஆர்த்தியின் புத்தக அலமாரி என்று வரிசையாக எடுத்தார். கடைசியாக, சுவரில் மாட்டியிருந்த இயேசு படத்துக்கு நேராக நின்று இரண்டு தடவை எடுத்தார்.

“என்னாம்மா இது?”

ராஜாமணி அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். “பெயின்ட் அடிக்கலாம்னு… நடராசன் அளவு பாத்துட்டுப் போறாரு.”

“அளவெடுக்கிறவரு டேப் எடுத்துக்கினு வரலியா?”

நடராசன் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார். அவர் விரல் நுனியில் பெயின்ட் இல்லை, முத்திரை மை இருந்தது.

அன்றிலிருந்து ஜெசிந்தாவுக்கு வீட்டில் எதைத் தொட்டாலும் சந்தேகம். பீரோவில் துணி நகர்ந்திருக்கிறதா? ஆதார் கார்டு வைத்த கவர் வைத்த இடத்தில்தான் இருக்கிறதா? “பூட்டை மாத்திடுங்க, இன்னொரு சாவி அந்தம்மாகிட்ட இருக்குது” என்று சித்தார்த்தனிடம் சொன்னாள். அவன் மாத்துகிறேன், மாத்துகிறேன் என்று நாளைக் கடத்தினான். அவளே கடைக்குப் போய்ப் புதுப்பூட்டு வாங்கி வந்து ஆளை வைத்து மாட்டினாள்.

பூட்டு மாட்டிய மூன்றாம் நாள் லேபில் இருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“மேடம், நான் ரஞ்சித் பேசறேன், ராஜாமணி அம்மாவோட பையன். பெங்களூர்ல இருக்கேன். ஆவணியில வீட்டைக் காலி பண்றீங்கன்னு அம்மா சொன்னாங்க. எந்தத் தேதின்னு சொன்னா எனக்குச் சௌகரியமா இருக்கும்.”

“அம்மாவே சொன்னாங்களா?”

“ஆமா மேடம். போன மாசமே சொன்னாங்களே.”

அவள் ஒன்றும் பிடிகொடுக்காமல் போனை வைத்தாள். அம்மா மூணு வருஷம் இரு என்கிறார். பையன் எப்போது போகிறாய் என்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து ஆடுகிற ஆட்டமா, ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் ஆடுகிறார்களா?

அன்றைக்கே வேலை முடிந்ததும் திண்டிவனத்துப் புரோக்கர் பெரியதம்பியைக் கூப்பிட்டாள். ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், முதல் மாடியில் ஒரு வீட்டைக் காட்டினார். காற்று வந்தது, தண்ணீர் வந்தது, சமையலறையில் இரண்டு பேர் நிற்க இடம் இருந்தது. ‘வீடு வாடகைக்கு’ என்று கேட்டில் அட்டை தொங்கியது. வீட்டுக்கார அம்மாள் காபி கொடுத்தார். ஜெசிந்தா குடித்து முடித்ததும் மெதுவாகக் கேட்டார்.

“கிறிஸ்டியனா? எந்த சர்ச்சுக்குப் போவீங்க?”

சொன்னாள்.

“சொந்த ஊரு?”

“வல்லம் பக்கம்.”

“அங்க ஊருக்குள்ளயா, இல்ல…”

இதை எத்தனை வருஷமாகக் கேட்கிறாள்! சர்ச்சில் தொடங்கும், ஊரில் போய் நிற்கும், கடைசியில் தெரு வரைக்கும் வரும். சுற்றி வளைக்காமல், “காலனிங்க” என்றாள்.

“அதனால என்னா, எல்லாரும் மனுஷங்கதானே” என்றார் அந்த அம்மாள். “அவரைக் கேட்டுட்டுப் பெரியதம்பிகிட்டச் சொல்லி அனுப்பறேன்.”

ரயில் மயிலத்தைத் தாண்டும்போதே பெரியதம்பி கூப்பிட்டுவிட்டார். “வீடு நேத்தே பேசி முடிஞ்சிடுச்சாம் மேடம். எனக்கே தெரியாது. வேற பாக்கலாம்.” நாலு நாள் கழித்து அவள் வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாக நடந்து போனாள். கேட்டில் அட்டை அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

நின்று அதைப் பார்த்தபோது ராஜாமணி அம்மா நினைவுக்கு வந்தார். நாலு வருஷத்தில் அவர் சர்ச் எது, ஊர் எது, தெரு எது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. ‘எங்க ஹவுஸ் ஓனர் சிடுமூஞ்சிதான், ஆனா அதெல்லாம் கேக்கவே மாட்டாங்க’ என்று லேபில் எத்தனையோ பேரிடம் ஜெசிந்தா பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு அந்தப் பெருமைக்குள்ளும் சந்தேகம் புகுந்துகொண்டது. ஏன் கேட்கவில்லை?

சனிக்கிழமை பழைய அக்ரிமென்ட்டிலிருந்த பத்திர எண்ணை எடுத்துக்கொண்டு பிரௌசிங் சென்டருக்குப் போய் வில்லங்கம் பார்த்தாள். கடைசி வரியில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கீழ்வீடு, மேல்வீடு இரண்டையும் ராஜாமணி அம்மா மகன் ரஞ்சித் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தார்.

அப்படியென்றால் வீடு இவருடையதே இல்லை. தன்னுடையது அல்லாத வீட்டுக்கு மூணு வருஷம் எழுதித் தருகிறாரா? காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நேராகக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ராஜாமணி அம்மா முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா காகிதத்தைப் பிரித்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, சிறிது நேரம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“திருட்டு வேலை இல்லம்மா” என்றார் கடைசியில். “வீடு அவனுக்குத்தான். ஆனா நான் உயிரோட இருக்கற வரைக்கும் குடியிருக்கறதும், வாடகைக்கு விடறதும் என் உரிமைன்னு அதே பத்திரத்துல எழுதியிருக்குது. வேணும்னா பாரு.” உள்ளே போய்ப் பத்திர நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். இருந்தது.

“அப்ப உங்க பையன் ஏன் எங்களை எப்ப காலி பண்றீங்கன்னு கேக்கறாரு?”

“விக்கப் பாக்கறான். ரெண்டையும் சேத்துக் கேக்கற ஆளு கெடச்சிருக்குதாம். காலியா இருந்தாத்தான் வாங்குவானாம். என்னை பெங்களூருக்குக் கூட்டினு போறேங்கறான். பதினாலாவது மாடி. அங்க போய் நான் என்னா பண்ணுவேன்? முடியாதுன்னு சொன்னா தினம் சண்டை. அதான், மேல இருக்கறவங்க ஆவணியில காலி பண்ணட்டும், அப்பறம் பாக்கலாம்னு சொல்லி நாளைக் கடத்தினேன். அதுக்குள்ள உங்களுக்கு மூணு வருஷம் எழுதிக் குடுத்துட்டா அந்த ஆளு வேணாம்னு போய்டுவான்ல.”

“போட்டோ?”

“குடித்தனம் இருக்குதுன்னு அவனுக்குக் காட்டறதுக்குத்தான். நடராசன் பத்திரம் எழுதறவரு. அவருதான் எடுத்து வெச்சிக்கச் சொன்னாரு.”

எல்லாம் பொருந்தி வந்தது. ஆனாலும் ஜெசிந்தாவுக்கு ஒன்று மட்டும் இடித்தது.

“குடித்தனம் இருக்குதுன்னு காட்டறதுக்குக் கட்டில் போதுமே. இயேசு படத்தை எதுக்கு ரெண்டு தடவை எடுத்தாரு?”

ராஜாமணி அம்மா முறத்தை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சொல்லுங்கம்மா.”

“அந்தப் படத்தைப் பாத்தா நீங்க யாருன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். வேற யாரு இருந்தாலும் ரஞ்சித் நாலு ஆளைக் கூட்டினு வந்து வாசல்ல சத்தம் போடுவான், பயந்துகினு போய்டுவாங்க. உங்க வாசல்ல வந்து சத்தம் போட முடியாது.”

“ஏன் முடியாது?”

“உங்க ஆளுங்களை ஒரு வார்த்தை தப்பாப் பேசினா கேஸ் ஆயிடும்னு பயப்படுவான். அவன் கம்பெனி வேலை போய்டும். அது அவனுக்கும் தெரியும்.”

ஜெசிந்தாவுக்குக் காது மடல் சுட்டது. சர்ச், ஊர், தெரு என்று அவர் கேட்காததற்குக் காரணம் கேட்கத் தேவையில்லாததுதான். முதல் நாளே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“புது வீட்டுக்கு முன்னால திருஷ்டி பொம்மை கட்டுவாங்களே, அந்த மாதிரி எங்களைக் கட்டித் தொங்கவிடப் பாத்தீங்களாம்மா?”

“அப்படி இல்லம்மா…” என்று ஆரம்பித்தவர் கண்ணாடியைக் கழற்றினார். அழவில்லை. அவர் அழுதிருந்தால் அதையும் நம்பியிருக்க மாட்டாள்.

மேலே வந்து சொன்னபோது, இத்தனை நாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த சித்தார்த்தன் குதித்து எழுந்தான். “நாளைக்கே வண்டி சொல்றேன். கடையிலயே படுத்துக்கலாம். இந்த வீட்ல ஒரு நாள் இருக்கக் கூடாது.”

“போய்?” என்றாள் ஜெசிந்தா. “திண்டிவனத்துல அந்தம்மா நாம யாருன்னு தெரிஞ்சதும் உள்ள விட மாட்டேனுட்டாங்க. இவங்க நாம யாருன்னு தெரிஞ்சதால வெளிய விட மாட்டேங்கறாங்க. ரெண்டும் ஒண்ணுதான். இங்க காரணமாவது வாயைத் திறந்து சொல்லிட்டாங்க.”

“அதுக்காக இருக்கறதா?”

“இருக்கறதுன்னா நாம சொல்ற மாதிரி இருக்கறது. ஆர்த்திக்கு மார்ச்சுல பரீட்சை. நான் அவசரத்துல எங்கியும் ஓட மாட்டேன்.”

திங்கட்கிழமை வக்கீல் அம்சாவைப் போய்ப் பார்த்தாள். அம்சா அவளுடன் பள்ளியில் படித்தவள். ராஜாமணி அம்மா கொடுத்த பத்திர நகலை இரண்டு தடவை படித்துவிட்டு, “அந்தம்மா வாடகைக்கு விடலாம். ஆனா அவங்க காலத்துக்கு அப்பறம் பையன் காலி பண்ணச் சொன்னா நீ மல்லுக்கட்ட முடியாது. அதைத் தெரிஞ்சிக்கினு கையெழுத்துப் போடு” என்றாள்.

அக்ரிமென்ட்டை நடராசன் எழுதக் கூடாது, அம்சாதான் எழுதுவாள் என்றாள் ஜெசிந்தா. மூணு வருஷம் கிடையாது, ஒரே வருஷம். நீட்டிப்பதா வேண்டாமா என்பதைக் குடியிருப்பவர்கள் சொல்வார்கள். சொல்லாமல் யாரும் வீட்டுக்குள் வரக் கூடாது. வீடு யார் பெயரில் இருக்கிறது, ராஜாமணி அம்மாவுக்கு என்ன உரிமை என்பதெல்லாம் உள்ளபடி எழுத வேண்டும். ரஞ்சித்துக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டும். ராஜாமணி அம்மா எல்லாவற்றுக்கும் சரி என்றார். கடைசி ஒன்றுக்குத்தான் முகம் வெளுத்தது.

“ரஞ்சித்துக்கு ஒரு நகலா? இப்பவேவா?”

“இப்பவேதான். உங்க பையன்கிட்டப் பேச வேண்டியதை நீங்க பேசுங்க. நான் உங்களுக்கு முன்னாடி நிக்க மாட்டேன்.”

அவர் அரை மணி நேரம் யோசித்தார். பிறகு ஜெசிந்தா பக்கத்தில் இருக்கும்போதே மகனுக்குப் போன் போட்டு, “நான் வரலப்பா. வீட்டைக் காலி பண்ணியும் குடுக்கல. மேல இருக்கறவங்களுக்கு ஒரு வருஷம் எழுதப் போறேன்” என்றார். அந்தப் பக்கத்திலிருந்து கத்தல் கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுக்கக் கேட்டு முடித்தார். அடுத்த வாரம் பதிவு நடந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரத்தில் ரஞ்சித் வந்தான். நேராக மாடிக்குத்தான் ஏறி வந்தான். நடுத்தர வயது, தொப்பை, கையில் நனைந்த குடை. ஜெசிந்தா வாசலிலேயே நின்று அக்ரிமென்ட்டைக் காட்டினாள். அவன் அதைப் படிக்கவில்லை, பார்த்தான் அவ்வளவுதான். வீட்டை வாங்கக் கேட்ட ஆள் வேறு வீடு வாங்கிவிட்டதாகச் சொன்னான். பிறகு குரலைத் தணித்து, “மேடம், அம்மா நல்லா இருக்காங்களா? ரெண்டு மாசமா நான் போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறாங்க. சாப்பிடறாங்களா?” என்று கேட்டான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அக்கறையா, வேவு பார்க்கிறானா? உடம்பு முடியவில்லை என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு போய் எதற்காவது பயன்படுத்துவானா? ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்க முடிந்தால் தெரிந்துவிடும். முடியாதே.

“கீழதான் இருக்காங்க” என்றாள். “நீங்களே போய்க் கேளுங்க.”

அவன் இறங்கிப் போனான். கதவு தட்டும் சத்தம் கேட்டது. முதல் தடவை தட்டியபோது திறக்கவில்லை. ஜெசிந்தா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காத்திருந்தாள். மூன்றாவது தடவை தட்டியதும் தாழ்ப்பாள் விலகியது. உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது மேலே கேட்கவில்லை.