நீலிமா பௌதியின் டிராக்டர்

வீரபாண்டியனுக்குப் பசி எடுத்தே மாதக்கணக்காகிறது என்று பூங்கோதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சாப்பிடாமலா ஆள் உயிரோடு இருக்கிறான் என்பார்கள். சாப்பிட்டான்தான். தட்டைக் கொண்டுபோய் வைத்தால் சாப்பிட்டான்; வைக்காவிட்டால் அதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டான். முன்னெல்லாம் ஷிஃப்ட் முடிந்து பெஹாலா டிராம் டிப்போவில் இறங்கி வந்து வாசலில் கால் வைக்கும்போதே, "கோதை, பசிக்குதுடி, என்ன இருக்கு?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிற மனுஷன் அவன். அந்தச் சத்தத்துக்கு அவள் எத்தனை நாள் சலித்துக்கொண்டிருக்கிறாள்! இப்போது அது ஒரே ஒரு தடவை காதில் விழாதா என்று ஏங்கிக் கிடந்தாள்.

எல்லாம் அவன் ஃபிட்டராக இருந்த தொழிற்சாலையில் பூட்டுப் போட்ட நாளிலிருந்துதான். லாக்-அவுட். எழுபதுகளின் கல்கத்தாவில் அது ஒன்றும் அதிசயமில்லை. மற்றவர்கள் கொஞ்ச நாள் கேட்டில் நின்று கோஷம் போட்டுவிட்டு ஆளுக்கொரு பிழைப்பைத் தேடிப் போய்விட்டார்கள். வீரபாண்டியன் கட்டிலில் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். பூங்கோதை முறுக்கும் அப்பளமும் போட்டு, பவானிபூரில் திருவேங்கடம் கடைக்குக் கொடுத்து வீட்டை ஓட்டினாள். அது அவளுக்குப் பாரமாக இல்லை. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற புருஷனைப் பார்ப்பதுதான் பாரமாக இருந்தது.

வீட்டுச் சொந்தக்காரி நீலிமாவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முன்கட்டில் அவள் இருந்தாள், பின்கட்டில் இவர்கள் குடியிருந்தார்கள். புருஷனை இழந்தவள், பிள்ளை குட்டி கிடையாது. பெங்காலியில் அண்ணியைப் பௌதி என்பார்கள். குடிவந்த மறுநாளே பூங்கோதைக்கு அவள் பௌதி ஆகிவிட்டாள். பௌதியின் கணவர் பூச்செடி நர்சரி வைத்திருந்தவர். அவர் வாங்கிய ஒரு சின்னத் தோட்ட டிராக்டர் கொல்லையில் தகரக் கொட்டகைக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. நாற்காலி போட்ட மாதிரி ஒரு இருக்கை, ஒற்றை சிலிண்டர், கயிற்றைச் சுற்றி இழுத்தால் கிளம்புகிற பெட்ரோல் இஞ்சின். மழை பிடித்த ஒரு காலையில் பழைய இரும்புக்காரன் அதைத் தூக்கிப்போக வந்திருந்தான். பௌதி கொட்டகையைப் பார்த்தாள், பின்கட்டு ஜன்னலுக்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள், இரும்புக்காரனைப் போகச் சொல்லிவிட்டாள். பூங்கோதை தன் கண்ணால் பார்த்தது அது.

அன்று சாயந்திரமே பௌதி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"வீர் பாபு, ஒரு உபகாரம் பண்ணணும்" என்றாள் பெங்காலியில். "அவர் இருந்தவரைக்கும் நம்ம தெரு துர்கா மா சிலையைக் கரைக்கக் குளத்துக்கு இந்த வண்டிதான் இழுத்துட்டுப் போச்சு. அவருக்கப்புறம் கையாலதான் தள்ளிட்டுப் போறாங்க. இந்த வருஷம் இது ஓடினா என் மனசு ஆறும். என்னால யாரைக் கேக்க முடியும், சொல்லுங்க?"

உபகாரம் கேட்கிற மாதிரி வந்து உபகாரம் பண்ணிவிட்டுப் போன மகராசி!

முதல் இரண்டு நாள் வீரபாண்டியன் அசையவில்லை. மூன்றாம் நாள் கொட்டகைப் பக்கம் போய் நின்றான். அதற்கடுத்த நாள் ஸ்பானரைத் தேடினான். பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துத் தட்டித் தட்டியே அசைத்தான். பெட்ரோல் டேங்குக்குள் ஜல்லிக்கல்லைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தான். கார்புரேட்டரைப் பிரித்துத் துணியில் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்து, இதெல்லாம் திரும்ப உள்ளே போகுமா என்று பூங்கோதை மலைத்துப்போனாள். போயிற்று. ஆளும் கொஞ்சம் மாறினான். "அந்தத் துணிய எடு", "இதைப் பிடி" என்ற அளவுக்குப் பேச்சு வந்தது. பசி மட்டும் வரவில்லை. தட்டைக் கொட்டகைக்கே கொண்டுபோய் வைத்தாள்.

பூங்கோதையின் பங்கு பெட்ரோல் டேங்கின் மூடி. கறுத்துக் கிடந்த பித்தளை மூடியைப் புளி போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கு மாதிரி ஆக்கிவிட்டாள். தேய்க்கும்போது மூடியின் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை தெரிந்தது. பித்தளை அரித்துவிட்டது போலிருக்கிறது, பாவம், வயசான சாமான்தானே என்று நினைத்துக்கொண்டாள். இருக்கிற கவலையில் இதை வேறு அவனிடம் சொல்வானேன் என்று விட்டுவிட்டாள்.

அஷ்டமியன்று வண்டி ஓடியது! கொல்லையை வளைய வளையச் சுற்றியது. பௌதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் நவமி. பெங்காலிகளுக்கு துர்கா பூஜை, நமக்கு ஆயுத பூஜை. சாமானை எடுத்து வேலை செய்யக்கூடாத நாள். ஸ்பானர், சுத்தியல், முறுக்கு அச்சு எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்து, டிராக்டருக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினார்கள். பூங்கோதை சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து இஞ்சினுக்கு, சக்கரத்துக்கு, ஸ்டீயரிங்குக்கு எல்லாம் பொட்டு வைத்தாள். மினுமினுத்த பித்தளை மூடியின் நடுவே பெரிய பொட்டாக வைத்து, அதன்மேல் குங்குமமும் இட்டாள்.

மறுநாள் தசமி, சிலையைக் கரைக்கிற நாள். டாக் மேளம் காதைப் பிளந்தது. தேலா என்கிற தள்ளுவண்டியில் துர்கா மா, முன்னால் டிராக்டர், இருக்கையில் வீரபாண்டியன். அவன் சலவைச் சட்டை போட்டிருந்ததைப் பார்க்கவே பூங்கோதைக்குப் பூரிப்பாக இருந்தது. கயிற்றை இழுத்தான், கிளம்பியது. தெருமுனை திரும்பியதும் இருமி இருமி நின்றுவிட்டது.

இறங்கி ப்ளக்கைப் பார்த்தான். மூடியைத் திறந்து பெட்ரோலைப் பார்த்தான், நிறைய இருந்தது. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தான். கிளம்பியது. "போலோ துர்கா மாய் கீ!" என்று கூட்டம் ஜே போட்டது. நாலு வீடு தாண்டியதும் மறுபடி நின்றது. மறுபடி திறந்தான், மூடினான், இழுத்தான். மறுபடியும் அதே கதை. "விடுங்கண்ணா, நாங்களே தள்ளிட்டுப் போறோம்" என்று பூஜை நடத்துகிற க்ளப் ஆட்கள் தன்மையாகத்தான் சொன்னார்கள். அந்தத் தன்மைதான் அவனைக் கொன்றது. அவன் முகம் செத்துப்போய், பழையபடி சுவரைப் பார்க்கிற பார்வை வந்துவிட்டதைப் பூங்கோதை பார்த்தாள்.

'தாயே, உன் வண்டியை நீயே இழுத்துக்கிட்டுப் போ! எம்புருசனை மட்டும் மறுபடி அந்தக் கட்டில்ல உக்கார வச்சிராதே' என்று மனசுக்குள் துர்கா மாவோடு சண்டையே போட்டாள்.

கடைசியாக ஒரு தடவை என்று வீரபாண்டியன் மூடியைத் திருகினான். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். மேளம் நின்றிருந்ததால் அவளுக்கே அது கேட்டது. அவன் கை அப்படியே நின்றது. மூடியைக் கழற்றி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். மேலே காய்ந்து கல்லாக இருந்த சந்தனப் பொட்டை விரலால் தடவினான்.

"கோதை, இங்க வா."

போனாள்.

"இந்த மூடில ஒரு ஓட்டை இருந்திருக்கணுமே?"

"இருந்துச்சுங்க... பித்தளை அரிச்சுப்போச்சுன்னு நெனச்சேன். பார்க்க அசிங்கமா இருக்கேன்னு அது மேலயே பொட்ட வச்சுட்டேன்."

"அரிப்பா?" அவன் அவளையே பார்த்தான். "அடிப்பாவி! அதுதான்டி இதுக்கு மூக்கு! உள்ள காத்து போனாத்தானே பெட்ரோலு கீழ இறங்கும்? மூக்கை அடைச்சு வச்சுப்புட்டு, அதுக்குச் சூடமும் காட்டியிருக்கியே!"

திட்டப்போகிறான், மூடியை வீசிவிட்டு வீட்டுக்கு நடக்கப்போகிறான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கேட்டது சிரிப்பு. முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு, பிறகு டிராக்டரைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தான். என்னவென்று தெரியாமலே க்ளப் ஆட்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கை நீட்டி, அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவினான், சந்தனத்தைக் குத்தி எடுத்தான், மூடியை வாயில் வைத்து ஊதினான். கயிற்றை ஒரே இழு. குளக்கரை வரைக்கும் வண்டி நிற்கவில்லை, அவன் சிரிப்பும் நிற்கவில்லை. "ஆஷ்சே பொச்சோர் ஆபார் ஹோபே!" அடுத்த வருஷம் மறுபடியும் நடக்கும் என்று அவள் மற்றவர்களைவிட உரக்கக் கத்தினாள்.

திரும்பி வந்தபோது பௌதி தேங்காய் உருண்டைத் தட்டோடு கேட்டில் நின்றிருந்தாள். டிராக்டரின் சூடான மூக்கை மாட்டைத் தடவுகிற மாதிரி தடவிக்கொடுத்தாள். தசமியன்று பெரியவர்கள் காலைத் தொடுவது அங்கே வழக்கம். பூங்கோதை குனிந்தவள் உடனே எழவில்லை.

"எழுந்திரு, எழுந்திரு. இவ்வளவு நேரமா கும்பிடுவாங்க?"

"நீங்க அன்னைக்கு இரும்புக்காரனைத் திருப்பி அனுப்பினீங்களே பௌதி, அதுக்கு" என்றாள் அவள், தனக்குத் தெரிந்த பெங்காலியில். பௌதி அவள் கன்னத்தைத் தொட்டாள்.

அப்போதுதான் பின்கட்டிலிருந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு கத்தல் வந்தது.

"கோதை! பசிக்குதுடி! என்ன இருக்கு?"

பௌதி திடுக்கிட்டாள். "என்னாச்சு? வீர் பாபு என்ன சொல்றார்?"

"கிதே பேயேச்சே" என்றாள் பூங்கோதை. பசிக்கிறதாம். அதைச் சொல்வதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது.

"அப்போ இங்க ஏன் நிக்கிற? போ, போய் சோத்தைப் போடு!" என்று பௌதி அவளைப் பிடித்துத் தள்ளினாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்த தலைமுடியோடு பூங்கோதை அடுப்படிக்கு ஓடினாள்.