வெடிப்பு விட்ட குச்சி கேக்

கறிக்கடைக்காரனுக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். அந்தக் கை பேசிய பேச்சில்தான் அவன் மனைவியின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு மகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை. பெரிய மனது பண்ணி ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்தாள். சனிக்கிழமைகளில் மகள் அப்பாவோடு இருக்கலாம்.

"ஆனா அவ முன்னாடி ஒரு தடவ கை ஓங்கினேன்னு கேள்விப்பட்டாலும் அன்னையோட முடிஞ்சுது. அப்புறம் நீ யாரோ, அவ யாரோ" என்று போனில் சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அவள் குணம் அப்படி.

அன்றிலிருந்து சனிக்கிழமை வந்தால் மனுஷன் பெட்டிப் பாம்புதான். கடையை ஆளிடம் விட்டுவிட்டு, தேய்த்துக் குளித்து, சவரம் செய்துகொண்டு, ஜன்னலோரம் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருப்பான். வாரம் பூராவும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று இருக்கிறவன், அந்த ஒரு நாளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பான். உலகத்தில் அவனுக்கு மிச்சம் இருந்தது அந்தப் பெண் ஒன்றுதான். அது அவனுக்கே நன்றாகத் தெரியும்.

இந்தச் சனிக்கிழமை பாப்பா ஒரு வேலையோடு வந்து இறங்கினாள். மறுநாள் அவளுக்குப் பிறந்தநாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். எல்லோருக்கும் குச்சியில் செருகிய உருண்டை கேக் கொடுக்க வேண்டுமாம்.

"அம்மாவால இன்னும் கைய அழுத்திப் பிசைய முடியலப்பா. நீ செஞ்சு தரியா?"

சுருக்கென்று தைத்தது. பாப்பா குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். அவன் உடனே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தான்.

முதலில் எல்லாம் அமர்க்களமாகத்தான் போயிற்று. பேக்கரியில் வாங்கி வந்த கேக்கைப் பாப்பா உதிர்த்துக் கொடுக்க, அவன் அதில் கிரீமைக் கொட்டிப் பிசைந்தான். கறியை எடை பார்த்துப் பழகிய கை. கிள்ளி எடுத்து உருட்டினால் ஒவ்வொன்றும் ஒரே அளவு. பாப்பா இரண்டை இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்துவிட்டு, "எப்படிப்பா?" என்று வாயைப் பிளந்தாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. குச்சி முனையைச் சாக்லேட்டில் தொட்டுத் தொட்டு உருண்டைகளில் செருகினார்கள்.

"இப்ப கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில வைக்கணும்ப்பா. வீடியோல அப்படித்தான் சொன்னாங்க."

"ஃபிரிட்ஜா? அட போ பாப்பா! எதுவா இருந்தாலும் விறைச்சாத்தான் சொன்னபடி கேக்கும். உங்கப்பன் தொழில்ல இதுதான் அரிச்சுவடி."

விறைத்த கறிதான் கத்திக்கு அழகாக விழும். அந்தப் புத்தி கேக்கிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைச் சரக்கு வைக்கிற பெரிய ஐஸ்பெட்டி அடுப்படியிலேயே இருந்தது. தட்டை மூடி அதற்குள் வைத்தான். வெளியே எடுத்தபோது உருண்டைகள் கூழாங்கல்லாகிவிட்டிருந்தன. ஒன்றோடொன்று தட்டிப் பார்த்துவிட்டு, "எப்படி!" என்று மீசையை வேறு முறுக்கினான்.

கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை உருக்கியாயிற்று. முதல் உருண்டையை முக்கித் தூக்கினான். அடடா, என்ன பளபளப்பு! பாப்பா கலர் கலராகச் சர்க்கரை மணிகளைத் தூவி, தெர்மாகோல் அட்டையில் குத்தி நிறுத்தினாள். வரிசையாக எல்லாவற்றையும் முக்கி முடித்தார்கள். அவள் கைதட்டிய கையை இறக்கவில்லை, டக் என்று ஒரு சத்தம். முதல் உருண்டையின் வயிற்றைச் சுற்றிக் கோடு விழுந்தது. அடுத்தது இரண்டாவது. அதற்கடுத்து அதன் பக்கத்தில் இருந்தது. உள்ளே கல்லாக இருந்த கேக் குளிர் விட விட உப்ப, மேலே இறுகிய சாக்லேட் தாங்காமல் பிளந்தது. சரஞ்சரமாக வெடித்தது.

அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யாரு இத நோண்டினது? நீ சரியா உதுத்தியா, இல்லையா?"

"சரியாத்தான் உதுத்தேன்ப்பா..."

"அப்ப எதுக்குடி உடையுது? சொல்லு, எதுக்கு உடையுது?"

பாப்பாவுக்கு என்ன தெரியும், பாவம். தப்பு தன்னுடையது என்று அவனுக்கு உள்ளே எங்கோ தெரிந்துதான் இருந்தது. அதனாலேயே ஆத்திரம் இரண்டு பங்காயிற்று. முஷ்டியை மடக்கித் தெர்மாகோலில் ஒரே குத்து. அட்டை இரண்டாகி, கேக்குகள் தரையில் உருண்டன. கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தான். சூடான சாக்லேட் சுவர் முழுக்கத் தெறித்தது, அவன் முழங்கையிலும் பட்டுச் சுட்டது. சுட்டதும் வெறி இன்னும் ஏறியது. நாற்காலியை எட்டி உதைத்ததில் அதன் கால் முறிந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொட்டிக்குள் கவிழ்த்தான். பாப்பா எப்போது மேஜைக்கு அடியில் போனாள் என்று அவன் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் வந்து நின்றான். பஸ் ஓட்டுகிறவன். வேலை சீக்கிரம் முடிந்ததால் மருமகளைக் கூட்டிப்போக நேராக வந்திருந்தான். சுவரைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான். பாப்பாவைக் காணோம்.

"பாப்பா எங்கடா? அவ மேல கை வச்சியா?"

"வாயக் கழுவு மச்சான். நான் அவளத் தொடவே இல்ல."

"என் தங்கச்சியையும் தொடலன்னுதானே சொன்ன, பொறுக்கி நாயே!"

அதற்கு மேல் பேச்சு இல்லை. கறிக்கடைக்காரனின் முதல் குத்தில் மச்சானின் மூக்கு நசுங்கியது. மச்சானும் சளைத்தவன் இல்லை. அவன் தலையால் முட்டியதில் இவன் உதடு கிழிந்து ஒரு பல் ஆடியது. கட்டிப் புரண்டார்கள். மச்சான் கையில் கிடைத்த காய் வெட்டும் பலகையால் இவன் காதோடு சேர்த்து அறைந்தான். இவன் அவனைத் தூக்கி ஐஸ்பெட்டி மூலையில் மோத, விலாவில் என்னவோ மளுக்கென்றது. ரத்தமும் சாக்லேட்டும் சேர்ந்து தரை வழுக்கியது. கடைசியில் மச்சானின் கழுத்தைப் பெட்டி மூடியோடு வைத்து ஒரு கையால் அழுத்திவிட்டான். மேடைமேல் இருந்த வெட்டுக்கத்தி இன்னொரு கைக்கு எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது. ஓங்கிவிட்டான். மச்சானுக்குக் கண் பிதுங்கியது.

"அப்பா."

வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற குரல். அவன் குனிந்து பார்த்தான்.

மேஜைக்கு அடியில் பாப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. குளிரில் உதடு நீலம் பாரித்து, கல்லாட்டம் இருந்ததைக் கடித்ததில் ஈறில் ரத்தம். கண்ணீர் வழிய வழிய மென்றுகொண்டே இருந்தாள். மடியில் வெறும் குச்சிகள்.

"எதுவுமே உடையலப்பா. பாரு, ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

"ஏன்டா தங்கம் இப்படிப் பண்ணின?"

"உடைஞ்சதெல்லாம் அம்மா இப்படித்தான் ஒளிச்சு வைப்பாங்க. நீ பாக்கறதுக்குள்ள."

கத்தியைத் தொட்டிக்குள் போட்டான். கழுத்தை விட்டான். மச்சான் சரிந்து உட்கார்ந்து இருமினான். அவன் பக்கம் திரும்ப இவனுக்குத் தைரியம் இல்லை. பாப்பாவைத் தூக்கலாம் என்று கையை நீட்டினான். நீட்டியதுதான் தாமதம், அவள் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். வெட்கமாக இருந்தது, உயிரே போகிற மாதிரி வலித்தது.

"கூட்டிட்டுப் போ மச்சான்."

மச்சான் மூக்கைத் துடைத்தபடி எழுந்து பாப்பாவை அணைத்துக்கொண்டான். எதையோ சொல்ல வாயெடுத்தான்.

"நீ சொல்ல வர்றது தெரியுது. நானே சொல்றேன். நடந்ததையெல்லாம் ஒண்ணு விடாம அவகிட்ட சொல்லு. அடுத்த சனிக்கிழமை கூட்டிட்டு வராத. எப்பவுமே வேணாம். நான் வந்து கெஞ்சினாக்கூட விடாத."

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றான். படிக்கட்டில் பாப்பாவின் குரல் கேட்டது.

"அப்பா ஏன் மாமா என்னைய வேணாம்னுட்டாரு? நான்தான் எல்லாத்தையும் தின்னுட்டேனே."

தாழ்ப்பாளில் அவன் கை இருந்தது. அவன் திறக்கவில்லை.