தலையணை உறை நாட்கள்

அன்று ஷிப்ட் முடிகிற விடிகாலையில் மடிப்பறையில் இருந்தவர்கள்: நான், மேஸ்திரியம்மா, சின்னக்கா. வெளியே கேட்டருகே, பைக்கில், சின்னக்காவின் புருஷன்.

அது ஹோட்டல் துணிகளை வெளுக்கும் லாண்டரி. படுக்கை விரிப்பை இருவர் சேர்ந்துதான் மடிக்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கி முதலில் ஓர் உதறு. பிறகு ஒருத்தி நிற்க, மற்றவள் முனைகளோடு நடந்து வருவாள். நானும் சின்னக்காவும் ஜோடி. அந்த வேலையை நான் விட்டு எவ்வளவோ காலமாகிறது. இன்றும் வீட்டில் விரிப்பு மடிக்கும்போது எதிர்முனையில் ஆள் இல்லாதது கைக்குத் தெரிகிறது. சூடு ஆறாத துணியின் வாசனையும், அவள் சிரிப்பும் நினைவுக்கு வரும்.

சில நாள் அவளுக்குக் கை தோளுக்கு மேல் எழும்பாது. மேஸ்திரியம்மா பார்த்துவிட்டு, "நீ இன்னிக்குத் தலையணை உறையை எடுத்துக்கம்மா" என்பார். உட்கார்ந்து செய்கிற வேலை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதைப் பெரிய மரியாதை என்று நினைத்தோம்.

உறை நாட்களில்தான் அவள் அவனைப் பற்றி நிறையப் பேசுவாள். கல்யாணமான புதிதில் மாடிவீட்டம்மா சண்டை போடுவதை அவன் அப்படியே பேசிக் காட்டுவானாம். இவள் சிரித்துப் புரையேறித் தரையில் உட்கார்ந்துவிடுவாளாம். சொல்லும்போதே சிரிப்பாள். எங்களுக்கும் அவனைப் பிடித்திருந்தது. மழை நாளில் முன்னதாகவே வந்து நிற்பான்.

"மாமா மாதிரி எனக்கும் ஒரு ஆளைப் பாருக்கா."

"போடி. அந்த அச்சு உடைஞ்சுபோச்சு."

அன்று கடைசி விரிப்பை உதறப்போனோம். அவள் கை எழவில்லை. மேஸ்திரியம்மா வழக்கம்போல வாயைத் திறந்தார்.

"உறை வேணாம்மா" என்றாள் சின்னக்கா. "கல்யாணமான புதுசுல இருந்த அந்தப் பழைய ஆளு என்னிக்காவது அவனுக்குள்ள திரும்பி வருவான்னு பாத்துட்டே இருந்தேன். நேத்து வந்துட்டான். அதே கூத்து. நான் அழுறதை, 'விட்டுடுங்க'ன்னு கெஞ்சுறதை அப்படியே பேசிக் காட்டுனான். ஒரு நிமிஷம் எனக்கே சிரிப்பு வந்துடுச்சும்மா."

வெளியே ஹார்ன் செல்லமாக இரண்டு முறை ஒலித்தது.

"நான் அவன்கூடப் போகல."

"என்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதாடி?" என்றார் மேஸ்திரியம்மா.

"எப்பச் சொல்றது? நல்லா இருக்குற நாள்ல சொன்னா துரோகம் மாதிரி இருக்கும். அடிச்ச நாள்ல நீங்க உறையைக் குடுத்துடுவீங்க."

மேஸ்திரியம்மா இடுப்பிலிருந்த சாவியை என் கையில் வைத்தார். "பின்வாசல் வழியா என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. கேட்டை நான் பாத்துக்கறேன். விடிஞ்சதும் ஆஸ்பத்திரி, அப்புறம் போலீஸ் ஸ்டேஷன்."

அந்த வீடு இரண்டு தெரு தள்ளி. உள்ளறையில் சின்னக்கா கட்டிலைப் பார்க்கவில்லை. கதவின் உள்தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுல இதை எப்பவோ கழட்டிட்டான். துருப் பிடிச்சுதாம்."

"இதுவும் துருதான்க்கா."

"நகருதுல்ல, போதும். நீ வெளியே நில்லு."

நின்றேன். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் முரண்டு பிடித்தது. இன்னொரு முறை இழுத்தாள். விழுந்தது.