கை இறங்கும்வரை

கங்கப்பன் கையை உயர்த்தியதும் பின்னால் வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பரிசலை விட்டு இறங்கும்போதே அவர் சொல்லியிருந்தார்: "நான் கையத் தூக்குனா பேசக்கூடாது, நகரக்கூடாது. எறக்குன அப்புறந்தான் எல்லாம்."

ஏரி நடுவில் இருந்தது அந்தத் திட்டு. சீமைக்கருவேலம் மண்டி, குப்பை ஒதுங்கிக் கிடந்த இடம். அதை வெட்டித் திருத்தி, நீர்மருதும் புங்கனும் நட்டு வளர்த்தவர்களில் அவரும் ஒருவர். பறவைகள் திரும்பிய பிறகு, சுற்றிக்காட்டும் வேலையையும் அவரிடமே கொடுத்தார்கள். ஞாயிறுதோறும் ஓசூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். அன்று பரிசல்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் துடுப்புப் போட மகள் பிரவீனா வந்திருந்தாள். வந்தவர்களும் அவள் வேலை பார்க்கும் கம்பெனி ஆட்கள்தான்.

அவள் கடைசியாக நின்றாள். அப்பா மருதமரத்தில் சாய்ந்து மெல்ல உட்கார்வது தெரிந்தது. தூக்கிய கை தாழ்ந்த கிளையின் கவட்டையில் தங்கிக்கொண்டது. முட்டிவலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

யாரும் அசையவில்லை. காற்றும் நின்றுவிட்டது. சிப்காட் பக்கமிருந்து எந்நேரமும் கேட்கும் இரைச்சல்கூட இல்லை. கோரைக்குள்ளிருந்து செந்நாரை ஒன்று கழுத்தை நீட்டி வெளியே வந்தது. அடிமேல் அடி வைத்து நேராக அப்பாவை நோக்கி நடந்தது. எல்லோரும் சத்தமில்லாமல் போனில் படம் எடுத்தார்கள். ஒரு பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பறவை அவர் காலடியில் நின்று, தலையைச் சாய்த்து முகத்தைப் பார்த்தது. பிறகு அவர் முழங்காலில் இருந்த வெட்டுக்கிளியைக் கொத்தி எடுத்தது.

பிரவீனா அப்பாவின் மூச்சுக்குக் காதுகொடுத்தாள். அப்பாவுக்கு இழுப்பு உண்டு. அந்த மூச்சுச் சத்தத்துக்கே பறந்துவிடுகிற பறவை அது. ஒருநாளாவது கிட்டத்தில் விடுகிறதா பார் என்று வீட்டில் குறைப்பட்டுக்கொண்டே இருப்பார்.

ஆட்களை விலக்கிக்கொண்டு போனாள். பறவை பறக்கவில்லை, கொஞ்சம் ஒதுங்கி நின்றது.

"நைனா."

கண் திறந்தே இருந்தது. கவட்டையிலிருந்து கையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். கம்பெனி நர்ஸ் மோகனப்ரியா ஓடிவந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"உக்காரும்போதே போயிட்டாங்க, பிரவீனா."

நாலைந்து பேர் சேர்ந்து அவரைப் பரிசலில் படுக்கவைத்தார்கள். கூட வருவதாக மோகனப்ரியா சொன்னாள். பிரவீனா வேண்டாமென்றாள்.

"நைனாவ எறக்கிட்டு வந்து உங்களக் கூட்டிட்டுப் போறேன். இங்கயே இருங்க."

பாதி ஏரி கடந்தபோது அப்பாவின் முகத்தில் வெயில் விழுந்தது. துப்பட்டாவைக் கழற்றி மூடினாள். துடுப்பைத் திரும்ப எடுக்கும்போது திட்டைப் பார்த்தாள். விட்டுவந்த இடத்திலேயே அவர்கள் நின்றிருந்தார்கள். ஒருவரும் பேசுவதாகத் தெரியவில்லை. அவர்களுடைய கால்களுக்கு நடுவே கொக்குகள் இரை தேடிக்கொண்டிருந்தன.